பெயரை எழுதுவதற்கு ஒரு சுவர்



ஒரு ஸ்பைடர்மேன் படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். நினைவுச் சொற்பொழிவில் குழந்தைகள் படமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை. ஆனால் நாம் யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர், புத்தகத்தில் எழுதுவதற்கு முன்பே சுவரில் எழுதியவர். இரவு பத்து மணிக்கு மேல் சுண்ணாம்பு வாளியும் நீலமும் மட்டையுமாகக் கிளம்பிப் போவோம் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சேரிச் சுவரில் எழுதினால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஊர்ச் சுவரில் எழுதினால் விடிவதற்குள் அதன்மேல் சாணி அடித்திருக்கும். "என்ன எழுதினோம் என்பது அவனுக்குப் பிரச்சினை இல்லை, தம்பி. எங்கே எழுதினோம் என்பதுதான் பிரச்சினை" என்பார். அந்த வாக்கியத்தின் வழியாகத்தான் இந்தப் படத்துக்குள் நான் போனேன்.

படத்தின் பெயர் "ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்". 2018 டிசம்பரில் வெளிவந்தது. மறுஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. மூன்று இயக்குநர்களில் ஒருவரான பீட்டர் ராம்சே, அந்தப் பிரிவில் விருது பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர். நாயகன் மைல்ஸ் மொராலஸ், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிச் சிறுவன். அப்பா கறுப்பினக் காவலர், அம்மா போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த செவிலியர். வீட்டில் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து பேசுகிறார்கள். பையில் ஸ்டிக்கர்களும் மார்க்கரும் வைத்துக்கொண்டு தெருக்கம்பங்களில் தன் பெயரை ஒட்டிக்கொண்டே பள்ளிக்குப் போகும் பிள்ளை அவன்.

பள்ளி அவனுடைய பேட்டையில் இல்லை. மேட்டுக்குடிப் பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளியில் குலுக்கலில் அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவனுக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. எப்படி வெளியேறுவது? சரி, தவறு என்று மட்டும் விடையளிக்க வேண்டிய ஒரு தேர்வில் அத்தனை கேள்விக்கும் தவறாக எழுதிப் பூஜ்யம் வாங்குகிறான். ஆசிரியை அந்தத் தாளைப் பார்த்துச் சொல்வது இதுதான்: கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதினாலும் பாதி சரியாக வந்துவிடும். எல்லாமே தவறாக வர வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். பூஜ்யத்தை அழித்துவிட்டு நூறு போடுகிறார்.

இந்த அரங்கில் கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்தபின் மதிப்பெண்ணைப் பார்ப்பவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. பூஜ்யத்துக்குள் என்ன இருக்கிறது என்று நின்று பார்க்கும் ஆசிரியை அபூர்வம். மைல்ஸுக்கு அப்படி ஒருவர் வாய்க்கிறார். அதற்குப் பிறகும் அவன் ஓடத்தான் பார்க்கிறான். அந்த இடம் தன்னுடையதல்ல என்று அவன் உடம்பு சொல்லிக்கொண்டே இருக்கிறது. படத்தின் உளவியலில் எனக்கு மிகவும் உண்மையாகப் பட்டது இதுதான்.

விடுதியிலிருந்து இரவில் நழுவிச் சித்தப்பா ஆரனிடம் போகிறான். அவர் அவனைக் கைவிடப்பட்ட சுரங்கப்பாதை ஒன்றுக்கு அழைத்துப் போய் வெற்றுச் சுவரைக் காட்டுகிறார். பள்ளியில் டிக்கன்ஸின் "கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்" பாடமாக இருக்கிறது. அந்தத் தலைப்பைத் திருப்பிப் போட்டு, "எதிர்பார்ப்பு எதுவும் இல்லை" என்ற சொற்களையும் நடுவில் தன் உடலின் நிழலுருவையும் மைல்ஸ் ஸ்ப்ரே பெயிண்டால் வரைகிறான். அந்த இடத்தில்தான் சிலந்தி கடிக்கிறது. மிகுபுனைவு அங்கே தொடங்குகிறது. நான் அங்கே நின்றுவிட்டேன். ஏனென்றால் அந்தச் சுவருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் அது ஒரு வரிகூட இல்லை.

1930களில் அமெரிக்கக் கூட்டரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களை வண்ணம் பிரித்து வரைபடமாக்கியது. கடன் கொடுக்க ஏற்ற பகுதி பச்சை, ஆபத்தான பகுதி சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்வதே ஒரு பகுதியைச் சிவப்பாக்கப் போதுமானதாக இருந்தது. புரூக்ளினின் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் அப்படிச் சிவப்பானது. ஊர், சேரி என்று நிலத்தைப் பிரிக்க நம்மிடம் சாதி போதும், வரைபடம் தேவைப்படவில்லை. அவர்களுக்கு அதை ஓர் அலுவலகமும் ஒரு வண்ணப் பென்சிலும் செய்து கொடுத்தன.

பிறகு சாலை வந்தது. ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி, எந்தத் தேர்தலிலும் வென்று பதவிக்கு வராதவர், 1948 தொடங்கிக் கிராஸ் பிராங்ஸ் விரைவுச்சாலையைக் குடியிருப்புகளின் நடுவே அறுத்துக்கொண்டு போனார். ஈஸ்ட் ட்ரிமான்டில் ஒரு மைல் நீளத்துக்கு மட்டும் 1,530 குடும்பங்களின் வீடுகள் போயின. வசதியுள்ள வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள். வேறிடங்களில் இடிக்கப்பட்ட குடியிருப்புகளிலிருந்து கறுப்பின, போர்ட்டோ ரிக்க மக்கள் இங்கே தள்ளப்பட்டார்கள். 1970களில் நகர நிர்வாகம் திவாலாகும் நிலைக்கு வந்தபோது தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டன. 1970க்கும் 1980க்கும் இடையில் பிராங்ஸின் ஏழு கணக்கெடுப்பு வட்டங்கள் தம் கட்டடங்களில் 97 விழுக்காட்டுக்கு மேல் தீயிலும் கைவிடலிலும் இழந்தன. மரக்காணத்தில் குடிசை எரிந்தால் எரித்தவர் யார் என்று நமக்குத் தெரியும். அங்கே காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் கட்டடத்துக்குத் தானே தீவைத்த உரிமையாளரும் உண்டு, தீயணைப்பு வண்டியைத் திருப்பி அனுப்பிய நிர்வாகமும் உண்டு. பழி மட்டும் குடியிருந்தவர்கள்மேல் விழுந்தது.

இந்தச் சாம்பலில் வளர்ந்த பிள்ளைகள்தான் சுவரில் எழுதத் தொடங்கியவர்கள். கொள்கையோ கோரிக்கையோ அல்ல, பெயர். பெயரும் தெரு எண்ணும். 1971 ஜூலை 21 அன்று "நியூயார்க் டைம்ஸ்" நாளிதழ் டாக்கி 183 என்ற பெயர் நகரெங்கும் எழுதப்பட்டிருப்பதைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. 183 என்பது அவன் வாழ்ந்த தெரு. அவன் கறுப்பினத்தவன் அல்ல, கிரேக்கக் குடும்பத்துப் பையன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிராஃபிட்டியைக் கறுப்புக் கலை என்று ஒற்றைச் சொல்லில் அடைப்பது வரலாற்றுக்கு உண்மையாகாது. அவனுக்கு முன்பே ஜூலியோ 204 எழுதியிருந்தான். பிறகு வந்தவர்களில் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த லீ கினோனஸ் உண்டு, எக்வடாரில் பிறந்த லேடி பிங்க் என்ற பெண்ணும் உண்டு. இவர்கள் தங்களை ஓவியர்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. "ரைட்டர்ஸ்", எழுத்தாளர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். இலக்கிய அமைப்பின் மேடையில் நின்று இதைச் சொல்வதில் எனக்கொரு மகிழ்ச்சி இருக்கிறது.

ஏன் ரயில் பெட்டி? ரயில் ஓடும் என்பதால். பிராங்ஸில் எழுதிய பெயர் மன்ஹாட்டனின் வங்கி அலுவலர் நிற்கும் நடைமேடைக்குப் போய்ச் சேரும். தன் உடலை நுழையவிடாத இடத்துக்குத் தன் பெயரை அனுப்பி வைப்பது அது. நம் தோழர் சொன்ன ஊர்ச் சுவர் இதுதான்.

1972ஆம் ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். நியூயார்க் மேயர் ஜான் லிண்ட்சே கிராஃபிட்டிக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது அந்த ஆண்டு. சிட்டி கல்லூரியில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்த ஹ்யூகோ மார்ட்டினெஸ் என்ற மாணவர் இந்தப் பிள்ளைகளைத் திரட்டி "யுனைடெட் கிராஃபிட்டி ஆர்ட்டிஸ்ட்ஸ்" என்ற அமைப்பை உருவாக்கியதும் அதே ஆண்டு. சமூகவியல் படித்தவள் என்ற முறையில் இந்தச் செய்தி என்னைக் கொஞ்சம் வெட்கப்படவும் வைத்தது. நாங்கள் வகுப்பில் களஆய்வு முறையியலை மனப்பாடம் செய்தோம். பம்பாயில் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே. வி. பவார் முதலியோர் தலித் பேந்தர்ஸைத் தொடங்கியதும் 1972இல்தான். கருஞ்சிறுத்தைகளின் பெயரையும் சீற்றத்தையும் கடல் கடந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாதை புதிதல்ல. 1873இல் ஜோதிராவ் பூலே தன் "குலாம்கிரி" நூலை, அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெமின் பக்கத்தில் இருக்கிறது. 1946இல் அவர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், டுபாய்ஸ் பதிலும் எழுதினார். நியூயார்க்கின் கதையை நாம் பேசுவது எட்டாத ஊரின் கதையைப் பேசுவது அல்ல.

எழுதியவர்களுக்கு நகரம் என்ன பதில் சொன்னது? 1981இல் மேயர் எட் காட்ச் ரயில் பணிமனையைச் சுற்றி இரட்டை வேலி போட்டு, நடுவில் காவல் நாய்களை விட்டார். அறிவுலகமும் கைகொடுத்தது. 1979இல் நேதன் கிளேசர் என்ற சமூகவியலாளர், கிராஃபிட்டியைப் பார்க்கும் பயணிக்கு நகரம் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை என்ற அச்சம் ஏற்படுகிறது என்று கட்டுரை எழுதினார். 1982இல் ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் "அட்லாண்டிக்" இதழில் உடைந்த சன்னல் கோட்பாட்டை முன்வைத்தார்கள். ஒரு சன்னல் உடைந்து கிடந்தால் மற்றவையும் உடையும். ஆகவே சின்னக் குற்றத்தை அடக்கினால் பெரிய குற்றம் குறையும் என்பது அதன் சாரம். கேட்க நியாயமாகத் தோன்றும். சன்னலை உடைத்தது யார், வீட்டையே எரியவிட்டது யார் என்று அது கேட்காது. அந்தக் கோட்பாடு தெருவில் இறங்கும்போது, சன்னல் இருந்த இடத்தில் ஒரு பையன் நிற்கிறான்.

மைக்கேல் ஸ்டுவர்ட் என்ற கறுப்பின இளைஞனுக்கு வயது 25. ஓவியன். 1983 செப்டம்பர் 15 அதிகாலை, ஃபர்ஸ்ட் அவென்யூ சுரங்க ரயில் நிலையத்தில் சுவரில் எழுதினான் என்று காவலர்கள் பிடித்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது அவனுக்கு நினைவில்லை. 13 நாள் அப்படியே கிடந்து, செப்டம்பர் 28 அன்று இறந்தான். 1985இல் முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட நடுவர் குழு ஆறு அதிகாரிகளையும் விடுவித்தது. காவல் மரணம் என்ற சொல்லுக்கு இந்த அரங்கில் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

ஸ்டுவர்ட் இறந்த செய்தி கேட்டு நடுங்கிப்போன ஒருவர் ஜான்-மிஷேல் பாஸ்கியா. புரூக்ளினில் பிறந்தவர், அப்பா ஹெய்ட்டிக்காரர், அம்மா போர்ட்டோ ரிக்க வம்சாவளி. மைல்ஸின் வீட்டைப் போலவே ஒரு வீடு. அவரும் "சேமோ" என்ற பெயரில் சுவரில் எழுதித்தான் தொடங்கினார். இரண்டு காவலர்கள் தடியுடன் ஒரு கரிய உருவத்தின்மேல் கவிழ்ந்து நிற்கும் படத்தை நண்பர் கீத் ஹாரிங்கின் ஸ்டுடியோச் சுவரில் வரைந்தார். ஹாரிங் அந்தச் சுவர்ப் பகுதியை வெட்டியெடுத்துச் சட்டமிட்டு வைத்துக்கொண்டார். பாஸ்கியா 1988இல் 27 வயதில் போதை மருந்தால் இறந்தார். 2017இல் அவருடைய ஓர் ஓவியம் 11 கோடியே 5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 1989 மே 12 அன்று, எழுத்துள்ள கடைசி ரயில் பெட்டியையும் அகற்றிவிட்டதாக நகரப் போக்குவரத்து நிர்வாகம் அறிவித்தது. ரயிலில் அழிக்கப்பட்டது ஏலக் கூடத்தில் விலை போயிற்று.

இனி மைல்ஸின் பிறப்புக்கு வரலாம். 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் குயின்ஸைச் சேர்ந்த வெள்ளைப் பையன். மைல்ஸ் மொராலஸ் காமிக்ஸில் வந்தது 2011 ஆகஸ்டில். எழுதியவர் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் என்ற வெள்ளை அமெரிக்கர், வரைந்தவர் சாரா பிக்கெல்லி என்ற இத்தாலியப் பெண். உரிமை மார்வெலுக்கு. இது நம் மக்களின் கையிலிருந்து வந்த எழுத்து அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டே பேசுகிறேன். அதே 2011இல், நியூயார்க் காவல்துறை தெருவில் மறித்துச் சோதனையிட்ட நிகழ்வுகள் 6 லட்சத்து 85 ஆயிரத்துக்கும் மேல். மறிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேரிடம் எந்தக் குற்றமும் காண முடியவில்லை. 2013இல் நீதிபதி ஷிரா ஷைன்ட்லின் இந்த நடைமுறை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். காமிக்ஸில் மைல்ஸ் முகமூடி அணிந்த ஆண்டு, அவன் வயதுப் பிள்ளைகள் முகத்தை மறைக்கும் தொப்பிச் சட்டையோடு தெருவில் நடக்கவே அஞ்சிய ஆண்டு.

இந்தப் பின்னணியில் படத்துக்குத் திரும்பினால் மைல்ஸின் குடும்பமே வேறு மாதிரித் தெரிகிறது. அப்பா ஜெஃபர்சன் காவலர். சித்தப்பா ஆரன், பின்னால் தெரியவருவது போல, வில்லனின் கூலியாள். இருவரும் இளமையில் சேர்ந்து சுவரில் எழுதியவர்கள். உடைந்த சன்னல் கோட்பாடு ஒரே வீட்டின் இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தியிருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். ஒருவருக்குச் சீருடை, மற்றவருக்கு முகமூடி. ஆரன் முகமூடியைக் கழற்றியவனைக் கண்டதும் தன் அண்ணன் மகன் என்று தெரிந்து கொல்ல மறுக்கிறார். அதற்காகவே கொல்லப்படுகிறார். தம்பியின் உடலைக் கண்ட அண்ணன், அங்கிருந்து ஓடும் கறுப்பு உருவம்தான் கொலைகாரன் என்று தேடச் சொல்கிறார். அந்த உருவம் அவருடைய மகன். காவல்துறையின் பார்வையில் ஓடும் பிள்ளை யாராக இருந்தாலும் குற்றவாளிதான் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வணிகப் படம் குறைவு. அதைத் தெரிந்தேதான் காட்டினார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

சந்தேகத்துக்குக் காரணம் முடிவு. எல்லாம் தீர்ந்த பின் அப்பா மகனிடம், நீ வரைய ஒரு நல்ல சுவர் பார்க்கலாம், காவல் நிலையச் சுவர்கூட இருக்கிறது என்கிறார். பாசத்தோடுதான் சொல்கிறார், எனக்கும் கண் கலங்கியது. ஆனால் மைக்கேல் ஸ்டுவர்ட்டின் நகரத்தில் இது எப்படிப்பட்ட சமரசம்! அனுமதித்த சுவரில் எழுதலாம் என்ற இடத்தில் படம் அமைதியாகிறது. இதை விட்டுக்கொடுக்காமல் சொல்ல வேண்டும். அதேசமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பீட்டர் பார்க்கரின் பழைய உடையை எடுத்து, அதன்மேல் கறுப்பு ஸ்ப்ரே அடித்து, சிவப்பில் சிலந்தியை வரைந்து மைல்ஸ் போட்டுக்கொள்கிறானே, அது யாரும் அனுமதித்த சுவர் அல்ல. இன்னொருவருக்காகத் தைத்த உடையின்மேல் அவன் தன் கையெழுத்தைப் போடுகிறான். கடையில் வாங்கியபோது பொருந்தாத உடை அப்போதுதான் பொருந்துகிறது.

2023இல் வந்த இரண்டாம் பாகம் "அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்" நமக்கு இன்னும் நெருக்கமானது. அதில் பள்ளி ஆலோசகர், கல்லூரிக்கு விண்ணப்பிக்க மைல்ஸின் வாழ்க்கையைத் துயரமான புலம்பெயர்ந்தோர் கதையாக எழுதச் சொல்கிறார். போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் பகுதிதானே, நாங்கள் கஷ்டப்படவும் இல்லையே என்று பெற்றோர் விழிக்கிறார்கள். அரங்கம் சிரித்தது. உதவித்தொகைக்கு விண்ணப்பித்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் தம் குடும்பத்தின் வறுமையைப் பிறர் விரும்பும் அளவுக்கு வெட்டித் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதே படத்தில் மும்பத்தன் என்றொரு நகரம் வருகிறது. மும்பையும் மன்ஹாட்டனும் கலந்தது. அங்கே இந்திய ஸ்பைடர்மேன் பவித்ர் பிரபாகர். இவன் 2004இல் காமிக்ஸில் வந்தவன். அந்தக் காமிக்ஸில் அவனைச் சிலந்தி கடிக்கவில்லை, ஒரு யோகி சக்தி அளிக்கிறார். கிராமத்திலிருந்து உதவித்தொகையில் மும்பைக்குப் படிக்க வந்த பையன், வேட்டி கட்டியிருப்பதற்காகக் கேலி செய்யப்படுகிறான் என்றெல்லாம் கதை இருக்கிறது. ஆனால் எந்தத் தெருவிலிருந்து வந்தான் என்று கதை சொல்லாது. சிலந்தி யாரை வேண்டுமானாலும் கடிக்கும். பிறப்பு பார்க்காத விபத்து அது. ஸ்பைடர்மேன் கதையின் ஜனநாயகமே அங்குதான் இருக்கிறது. இந்தியாவுக்கு வந்ததும் விபத்து போய்க் குருவின் அருள் வந்துவிட்டது. குருவின் அருள் யாருக்குக் கிடைக்கும், யாருடைய கட்டைவிரல் போகும் என்பது நமக்குத் தெரியும். ஒரு வேடிக்கை: அமெரிக்கக் கதையின் பென் மாமாவுக்கு நிகராக இந்தியக் கதையில் வைத்த பெயர் பீம். ஒலிக்காக வைத்திருப்பார்கள். பம்பாயின் தெருக்களில் அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று யோசித்திருந்தால் வைத்திருப்பார்களா?

மைல்ஸின் சிலந்திக்கு வருகிறேன். எல்லா உலகங்களின் ஸ்பைடர்மேன்களும் சேர்ந்த ஓர் அமைப்பு இருக்கிறது. தலைவன் மிகெல் ஓஹாரா. அவன் மைல்ஸிடம் சொல்கிறான்: உன்னைக் கடித்த சிலந்தி உன் உலகத்தினுடையது அல்ல. நீ ஸ்பைடர்மேன் ஆகியிருக்கவே கூடாது. ஒழுங்கைக் கெடுக்க வந்த பிழை நீ. இதைச் சொல்பவனும் லத்தீன் வழி வந்தவன் என்பதைக் கவனியுங்கள். உள்ளே வந்து கதவைச் சாத்துபவர்கள் எல்லா இயக்கத்திலும், எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். நீ இங்கே வந்ததே தவறு என்ற சொல்லைப் பல்கலைக்கழக வாசலில் கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கேட்டுத் தாங்க முடியாமல் போனவர்களை நாம் ஒவ்வொரு ஜனவரி 17 அன்றும் ரோகித் வெமுலாவின் பெயரோடு நினைத்துக்கொள்கிறோம்.

மைல்ஸ் ஓடுகிறான். தன் உலகத்துக்குத் திரும்ப நினைத்து, அந்தச் சிலந்தி பிறந்த உலகத்தில் போய் விழுகிறான். அங்கே ஸ்பைடர்மேன் இல்லை. நகரம் சீரழிந்து கிடக்கிறது. அங்கும் ஒரு மைல்ஸ் இருக்கிறான், அதே முகம், அதே அம்மா. சிலந்தி கடிக்காமல் போனவன். அவன்தான் அங்கே கூலியாளின் முகமூடியை அணிந்திருக்கிறான். ஒரே ஒரு சிலந்தி, இரண்டு ஏழைத் தெருப் பிள்ளைகள். ஒருவனுக்குக் கிடைத்தது மற்றவனிடமிருந்து எடுத்தது என்று சொல்லி இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தியிருக்கிறார்கள். ஏன் ஒரே ஒரு சிலந்தி என்று அந்தப் படத்தில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

அங்கே படம் நின்றுவிடுகிறது. மூன்றாம் பாகம் இன்னும் வரவில்லை. மைல்ஸ் கட்டுண்டு கிடக்கிறான், எதிரே அவனே நிற்கிறான். முதல் படத்தின் கடைசியில் அப்பாவும் மகனும் இறந்துபோன சித்தப்பாவின் முகத்தைச் சுவரில் வரைந்தார்கள். இந்த இன்னொரு உலகத்தில் சித்தப்பா உயிரோடு இருக்கிறார். மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெரியும் சுவரில் இருப்பது அப்பாவின் முகம்.